இஎக்ஸ்5-க்கு 53 பிளாக் போடுவது: முதலில் அளவு, பிறகு ஸ்பானர்

"மாமா, எத்தனை வரைக்கும் போகலாம்?" ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். எஞ்சின் பிளாக்கின், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின், துளையை எத்தனை மில்லிமீட்டர் வரை பெரிதாக்கலாம் என்று அர்த்தம். 53 என்று சொல்வேன். 56, 57 என்று பேச்சு நீண்டால், அதைச் செய்கிற கடைகள் பட்டர்வொர்த்தில் நிறைய இருக்கின்றன, அங்கே போங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

நான் ஃபோமன், அதாவது மெக்கானிக், இல்லை. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. மைக்ரோமீட்டரும், துளையின் உள் விட்டத்தை அளக்கும் போர் கேஜும்தான் என் பிழைப்பு. வீடு மாக் மண்டினில் என்பதால் தினமும் பினாங்குப் பாலம் ஏறி இறங்குகிறேன். அக்கா மகனுக்குப் போட்டுக் கொடுத்த பிளாக் செட் நன்றாக ஓடியதும் அவன் கூட்டாளிகள் வர ஆரம்பித்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் இஎக்ஸ்5 மாதிரி ஒரு கப்சாயாவது நிற்கும். அவர்களுக்கு வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. கார்புரேட்டர் வைத்த இஎக்ஸ்5-இல் துளை 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 49.5 மி.மீ. அதுதான் 97 சிசி. ஸ்ட்ரோக்கைத் தொடாமல் துளையை மட்டும் 53 ஆக்கினால் 109 சிசி வரும், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு கூடுதல். பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது பாயா தெருபோங் ஏற்றத்தில் கியர் குறைக்காமல் போக இது போதும். 56 போட்டால் 122 சிசி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடியில் இருக்கும் கிராங்க், கானெக்டிங் ராட், பேரிங், ஆயில் பம்ப் எல்லாம் 97 சிசிக்காகச் செய்தவை. சூட்டை வெளியேற்றும் துடுப்புகளும் அந்த அளவுக்குத்தான். மேலே எவ்வளவு பெரிதாக்குகிறோமோ அவ்வளவு சுமையும் கீழே இறங்கும். பிளாக் மாற்ற ஒரு மத்தியானம் போதும். கிராங்க் போனால் எஞ்சினையே இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும், அது வேறு செலவு.

இன்னொரு விஷயமும் இதே கணக்கில் வருகிறது. ஹெட்டில் இருக்கும் எரியறையின் கொள்ளளவு மாறுவதில்லை, அதற்குள் நசுக்கப்படும் காற்றுதான் கூடுகிறது. அதனால் கம்ப்ரஷன் தானாக ஏறும். பழைய விகிதம் 9-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், தட்டையான பிஸ்டனோடு 53 போடும்போது ஏறக்குறைய 10-க்கு 1 வரும். ரோன் 95 பெட்ரோல் அதற்குத் தாங்கும். மேலே புடைத்த பிஸ்டன் வைத்த செட்டும் கடையில் கிடைக்கும், அதில் விகிதம் இன்னும் ஏறும். வேலைக்குப் போய்வரும் மோட்டாருக்கு அது வேண்டாம். தட்டை பிஸ்டன், வால்வுக்கான பள்ளம் வெட்டியது என்று கேட்டு வாங்குங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கிராண்டில், அதாவது மோட்டாரின் பதிவுச் சான்றிதழில், எஞ்சின் கொள்ளளவு அச்சாகியிருக்கிறது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி இல்லாமல் அதை மாற்றி ரோட்டில் ஓட்டுவது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். சம்மனைவிட என்னைப் பயமுறுத்துவது காப்புறுதி. விபத்து நடந்து, மோட்டாரில் சொல்லாத மாற்றம் இருக்கிறது என்று தெரிந்தால் கம்பெனிக்காரன் கையை விரிக்கலாம். ஆகவே செட் வாங்குவதற்கு முன்பே இலாகா முகப்பிடத்தில் போய்க் கேளுங்கள். பி2 லைசென்ஸ் 250 சிசி வரை செல்லும், அதில் சிக்கல் இல்லை. ரோட் டாக்ஸும் 150 சிசி வரை 2 ரிங்கிட்தான், 109-க்கு மாறாது. யமஹா ஒய்15-இல் 62 பிளாக் போடுகிறவர்கள் கதை வேறு. அதன் ஸ்ட்ரோக் 58.7, கொள்ளளவு 177 சிசிக்குப் போய்விடும். ரோட் டாக்ஸில் 30 ரிங்கிட் வரிசை அது.

பெட்டியை வாங்குவதற்கு முன் உங்கள் மோட்டாரைப் பாருங்கள். தேய்ந்த கிராங்க் மேல் புது பிளாக் போடுவதைப் போல வீண் செலவு கிடையாது. பிளாக்கைக் கழற்றிய பிறகுதான் இது சரியாகத் தெரியும் என்றாலும், முன்கூட்டியே ஓரளவு கேட்கலாம்: சூடான எஞ்சின், மெதுவான ஓட்டம், அடியிலிருந்து டொக் டொக் என்று சத்தம் வருகிறதா? வந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பிளாக்கை எடுத்த பின் கானெக்டிங் ராடைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகரும், நகரத்தான் வேண்டும். ராடின் நீளவாக்கில் இழுத்துத் தள்ளினால் துளிகூட ஆடக் கூடாது. ஆடினால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுக் கிராங்க் பார்க்கிற கடைக்குக் கொண்டுபோங்கள்.

செட்டில் வர வேண்டியவை: பிளாக், பிஸ்டன், மூன்று வகை ரிங், பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின், அதைப் பூட்டும் இரண்டு சர்க்கிளிப், மேலும் கீழும் கேஸ்கட். பின் 13 மி.மீ., இஎக்ஸ்5 ராடுக்கு அதுதான். பிளாக்கின் அடியில் குழாய் மாதிரி நீண்டிருக்கும் ஸ்லீவின் வெளி விட்டத்தைக் காலிபரால் அளந்து, பழைய பிளாக்கோடு ஒப்பிடுங்கள். கிராங்க்கேஸ் வாய்க்குள் அது கையால் தள்ளினாலே போக வேண்டும். போகவில்லை என்றால் வாயைக் கடைசல் பிடிக்க வேண்டிவரும், அதற்கு எஞ்சின் முழுதும் பிரியும். அப்படிப்பட்ட செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது அளப்பது. கடையில் பெரும்பாலும் பிஸ்டனை பிளாக்குக்குள் விட்டு விரலால் ஆட்டிப் பார்த்து, "ஓகே லா" என்பார்கள். நாம் விரலை நம்பப் போவதில்லை.

பிளாக்கையும் பிஸ்டனையும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோல் போதாது, துளையைக் கடைந்து தீட்டியபோது படிந்த மாவு சோப்புக்குத்தான் வரும். வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தால் துணி வெள்ளையாகவே திரும்ப வேண்டும். உடனே எண்ணெய் பூசுங்கள். நம் ஊர் ஈரத்தில் இரும்பு ஸ்லீவ் மத்தியானத்துக்குள் துரு ஏறிவிடும்.

அப்புறம் இரண்டையும் ஒரே அறையில் இரவு முழுக்க வைத்துவிடுங்கள். ஏன் என்று கேட்காத பையன் கிடையாது. அலுமினியம் சூட்டில் பருக்கும். வெயிலில் கிடந்து 20 டிகிரி கூடுதலாகச் சூடேறிய 53 மி.மீ. பிஸ்டன் ஏறக்குறைய 0.02 மி.மீ. பருத்திருக்கும். நாம் தேடும் இடைவெளியே 0.03, 0.04 தான். போர்ட்டிகோ வெயிலில் வைத்த பிஸ்டனையும் வீட்டுக்குள் இருந்த பிளாக்கையும் அளந்து ஒரு முடிவுக்கு வந்தால் அது பொய் முடிவு.

பிஸ்டன் முழு உருளை அல்ல. அதை அளக்க வேண்டிய இடம், பிஸ்டன் பின் நுழையும் துளைக்குக் குறுக்குத் திசையில், அடி விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே. வேறெங்கே அளந்தாலும் குறைத்துக் காட்டும். பிளாக்கை மேல், நடு, அடி என்று மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளங்கள். ஆறு எண்களையும் தாளில் எழுதுங்கள். புது பிளாக்கில் அந்த ஆறும் 0.01-க்குள் அடங்க வேண்டும். மேலே அகலமாகவும் அடியில் இறுக்கமாகவும் இருக்கிற புது பிளாக்கை நான் பார்த்திருக்கிறேன், பெட்டி என்னவோ பளபளப்பாகத்தான் இருந்தது. பிளாக்கின் மிகச் சிறிய எண்ணிலிருந்து பிஸ்டன் எண்ணைக் கழியுங்கள். செட்டோடு தாள் வந்திருந்தால் அதில் உள்ள இடைவெளியைப் பின்பற்றுங்கள். தாள் இல்லை என்றால் வார்ப்பு பிஸ்டனுக்கு 0.03 முதல் 0.05 வரை வைக்கிறேன். 0.02 என்று வந்தால் போடாதீர்கள், சூடேறியதும் பிடித்துக்கொள்ளும். பிளாக்கை எஞ்சின் கடைசல் கடையில் கொடுத்துத் தீட்டச் சொல்லுங்கள்.

உங்களிடம் போர் கேஜ் இருக்காது, தெரியும். கடைசல் கடையில் அளந்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். சிறு தொகைதான் கேட்பார்கள், சில இடத்தில் அதுவும் கேட்க மாட்டார்கள்.

ரிங்குக்கு, இடைவெளிக்குள் நுழைத்து அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் போதும். ரிங்கை மட்டும் பிளாக்குக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாக விட்டு இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளினால் ரிங் நேராக உட்காரும். வாய் இடைவெளியைப் பாருங்கள். மேல் ரிங்குக்கு 0.20, இரண்டாவதுக்கு 0.25 என்று நான் வைக்கிறேன். குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால், வெளி முகத்திலிருந்து உள்நோக்கி மட்டும், இரண்டு இழுப்பு இழுத்து மறுபடி அளங்கள். வாய் முட்டிக்கொண்ட ரிங் ஸ்லீவைக் கீறிவிடும். சற்று அகன்ற வாயால் கொஞ்சம் காற்றுதான் கசியும். ஆகவே சந்தேகம் வந்தால் கொஞ்சம் அகலத்தின் பக்கம் சாயுங்கள்.

கழற்றுவது எளிது, சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சினை ஃபிரேமிலிருந்து இறக்கத் தேவையில்லை. முன் கவசம், எக்ஸோஸ், கார்புரேட்டரும் அதன் குழாயும், பிளக் எல்லாம் போகட்டும். எண்ணெயை வடித்துவிடுங்கள். இடது மூடியைத் திறந்து ஃபிளைவீலை இடஞ்சுழியாகச் சுற்றி 'டி' குறியை நேராக்குங்கள். ஹெட்டின் இடப்பக்கத்து வட்ட மூடிக்குள் கேம் சக்கரத்தின் வட்டக் குறி ஹெட்டில் உள்ள வெட்டோடு நேராக நிற்க வேண்டும். இல்லையென்றால் இன்னொரு சுற்று. எஞ்சினுக்கு அடியில், இடப்பக்கம், கேம் சக்கரத்தைச் சுற்றும் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் தண்டும் கொஞ்சம் எண்ணெயும் கீழே வரும், தட்டு வையுங்கள். கேம் சக்கரத்தை எடுத்ததும் செயினைக் கம்பியால் கட்டிவிடுங்கள், உள்ளே விழுந்தால் எடுக்கப் பாடு.

ஹெட்டின் நான்கு நட்டுகளும் ஒரே மாதிரி இல்லை, வாஷர்களும் அப்படித்தான். அவிழ்ப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். நட்டு ஏறும் மரைத் தண்டுகளான ஸ்டட்டுகளில் ஒன்றின் வழியாக எண்ணெய் மேலே ஏறுகிறது. அங்கே தவறான வாஷர் போட்டால் கசிவு நிற்காது. நான்கையும் அவிழ்த்த பிறகும் ஹெட் வரவில்லை என்றால் சுத்தியலைத் தேடாதீர்கள். இடப்பக்கத்தில் ஹெட்டையும் பிளாக்கையும் பிடிக்கும் சிறு போல்ட் ஒன்று, பிளாக்கையும் கிராங்க்கேஸையும் பிடிக்கும் இன்னொன்று, அப்புறம் செயின் உருளையின் போல்ட். இந்த மூன்றையும் மறந்துவிட்டு நெம்பித் துடுப்பை உடைத்தவர்கள் உண்டு. அந்தச் செயின் உருளையைப் பழைய பிளாக்கிலிருந்து எடுத்துப் புதியதில் மாட்ட வேண்டும். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் புதிது வாங்குங்கள்.

கிராங்க்கேஸ் வாயைத் துணியால் அடைத்துவிட்டுத்தான் சர்க்கிளிப்பைத் தொட வேண்டும். புது பிஸ்டனை மாட்டும்போது 'ஐஎன்' என்ற எழுத்து கார்புரேட்டர் பக்கம், அதாவது மேல்நோக்கி இருக்க வேண்டும். இந்த எஞ்சின் படுத்திருப்பதால் மேல் கீழ் குழப்பம் வரும், எழுத்தைப் பாருங்கள். பழைய சர்க்கிளிப்பை மறுபடி போடாதீர்கள். புதியதை மாட்டிய பின் அதன் வாய் பிஸ்டனில் உள்ள வெட்டுக்கு நேராக வராதபடி திருப்பி விடுங்கள். ரிங்குகளில் எழுத்து உள்ள பக்கம் பிஸ்டனின் தலையை நோக்கி. மூன்றின் வாய்களும் ஒன்றுக்கு ஒன்று 120 டிகிரி தள்ளி நிற்கட்டும், ஒரே கோட்டில் வரக் கூடாது.

கேஸ்கட் முகங்களைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கோடு விழாமல் பாருங்கள். பிளாக்கை இடம் பிசகாமல் உட்கார வைக்கும் டவல் பின்களும் ஓ-ரிங்கும் அந்தந்த இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, துளையில் எண்ணெய் பூசி, ரிங்குகளை விரலால் அழுத்தியபடி பிளாக்கை உள்ளே தள்ளுங்கள். ஸ்லீவின் அடியில் சரிவு இருப்பதால் கிளாம்ப் வேண்டாம். முரட்டுத்தனம் மட்டும் கூடாது. எங்காவது முட்டினால் ஒரு ரிங் வெளியே நிற்கிறது என்று அர்த்தம்.

ஹெட்டை மூடுவதற்கு முன் ஒரு சோதனை. பையன்களுக்குப் பொறுமை போவது இங்கேதான். பள்ளிப் பிள்ளைகளின் களிமண்ணைப் பிஸ்டனின் தலையில், வால்வுப் பள்ளங்களின் மேல் அப்புங்கள். எண்ணெய் தடவிவிட்டால் வால்வில் ஒட்டாது. பழைய கேஸ்கட்டை வைத்து ஹெட்டை இறுக்கி, செயினைக் குறியோடு மாட்டி, டென்ஷனரையும் போட்டு, ஃபிளைவீலைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பழைய கேஸ்கட்டின் துளை சின்னது, அதன் விளிம்பு பிஸ்டனில் இடிக்கும் என்று தோன்றினால் கத்தரியால் அகற்றிக்கொள்ளுங்கள். பிரித்து, களிமண்ணைப் பிளேடால் வெட்டி, மெல்லிய இடத்தை அளங்கள். இன்டேக் பக்கம் 1 மி.மீ., எக்ஸோஸ் பக்கம் 1.5 மி.மீ. இருந்தால் நான் மூடுவேன். ஸ்டாக் கேமும், அதாவது மோட்டாரோடு வந்த கேமும், சரியான பள்ளமும் இருக்கும்போது இது பெரும்பாலும் தேறிவிடும். ரேசிங் கேம் போட்டிருக்கிறாய் என்றால் இந்தச் சோதனையில் தேறாமல் மேற்கொண்டு வேலையே கிடையாது.

இனி நிஜமாக மூடலாம். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, மூன்று தவணையில் இறுக்குங்கள். சர்வீஸ் புத்தகத்து அளவு பெரிய எண் அல்ல, மெலிந்த ஸ்டட்டுகள் இவை. நீண்ட கைப்பிடியில் தொங்கினால் கிராங்க்கேஸ் மரை கழன்று வரும். நான்கும் இறுகிய பிறகே பக்கவாட்டுச் சிறு போல்ட்டுகள். டென்ஷனர் மாட்டியதும் மறுபடி கையால் இரண்டு சுற்று, மறுபடி இரண்டு குறியும் நேரா என்று பார்ப்பது. வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.05 மி.மீ., இரண்டுக்கும் அதேதான்.

எண்ணெய் ஊற்றி அளவுக்குச்சியைத் திருகாமல் நுழைத்துப் பாருங்கள். பிளக் இல்லாமல் கிக்கரை மிதித்துக்கொண்டே இருங்கள், வால்வு மூடிக்குள் எண்ணெய் ஏறி வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு பிளக்கைப் போடலாம். முதல் ஓட்டம் சில நிமிடம் மட்டும். நிறுத்தி, கையால் தொடும் அளவுக்கு ஆறவிட்டு, மறுபடி. அடுத்த நாள் குளிர்ந்திருக்கும்போது நட்டுகளையும் வால்வையும் மீண்டும் சரிபாருங்கள்.

ஓட்டிப் பழக்குவதைப் பற்றி ஒரு சண்டை எப்போதும் உண்டு. 2019 முதல் பினாங்குப் பாலத்தில் மோட்டாருக்கு டோல் கிடையாது, ஆகவே பாலத்தில் போய் வந்தாலே போதும் என்பான் ஒருவன். பாலம் 13.5 கிலோமீட்டர், ஒரே வேகம், ஒரே திராட்டில், நடுவில் ஏதாவது பிடித்துக்கொண்டால் ஒதுங்கி நிற்க நிம்மதியான இடம் இல்லை. புது ரிங்குக்கு அது ஆகவே ஆகாது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம்தான். திராட்டிலைப் பாதி வரை ஏற்றி, விட்டு, மறுபடி ஏற்றினால்தான் ரிங் சுவரில் பதியும். பிறை தொழிற்பேட்டைச் சாலைகள் ஞாயிறு காலையில் இதற்கென்றே செய்தமாதிரி காலியாகக் கிடக்கும். முதல் 100 கிலோமீட்டரில் எண்ணெயை வடித்து மாற்றுங்கள். வடித்ததை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தால் மினுமினுப்பு தெரியும். கொஞ்சம் சாதாரணம், துணுக்குகள் கிடந்தால் பிளாக்கைத் திறக்க வேண்டும். 500-இல் இன்னொரு முறை மாற்றுங்கள். அதுவரை முழுத் திராட்டில் வேண்டாம், கூட்டாளியை ஏற்ற வேண்டாம்.

காற்று கூடியதால் பெட்ரோலும் கூட வேண்டும். ஸ்டாக் கார்புரேட்டரே போதும், பெட்ரோல் பாயும் சிறு துளையான மெயின் ஜெட்டை மட்டும் ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். உள்ளே 75 இருந்தால் 78, பிறகு 80. பழக்கி முடித்த பின் துன் சார்டோன் சாலை ஏற்றத்துக்குப் போங்கள். பாலிக் பூலாவ் பக்கம் ஏறும்போது, வளைவு இல்லாத நீட்டில் முழுத் திராட்டில் பிடித்து, அப்படியே எஞ்சினை அணைத்து, கியர் மிதியை அழுத்திப் பிடித்துக் கிளட்சை விடுவித்து ஓரம் கட்டுங்கள். பின்னால் லாரி வரவில்லை என்று பார்த்துவிட்டு. பிளக்கைக் கழற்றினால் நுனி இளம் பழுப்பாக இருக்க வேண்டும். கரிபிடித்திருந்தால் ஜெட் பெரிது. வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் போதவில்லை, அப்படியே ஓட்டினால் பிஸ்டன் உருகும், வீட்டுக்கு மெதுவாக வந்து ஜெட்டை மாற்றுங்கள்.

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டலாமா என்று கேட்பார்கள். கூட்டலாம், பாலத்தில் எஞ்சின் கத்துவது குறையும், ஏற்றத்தில் கிடைத்த பலம் கொஞ்சம் போகும். என் அக்கா மகன் கூட்டினான், நான் கூட்டவில்லை. கிளட்ச் நழுவினால் கடினமான ஸ்பிரிங், அவ்வளவுதான்.

பழைய 50 பிளாக்கையும் பிஸ்டனையும் விற்றுவிடாதீர்கள். எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அளந்த தாளையும் உள்ளே போட்டு வையுங்கள். செட் என்றாவது கைவிட்டால், திங்கட்கிழமை வேலைக்குப் போக மோட்டார் வேண்டும்.